மூன்றாவது கிளட்ச்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேனியில் காலைக் காபியும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தேன். கம்பத்திலிருந்து அக்கா போன்.

"தம்பி, வண்டி கிளட்ச் போயிருச்சுடா. மச்சான் ஒன்னய வரச் சொல்றாக."

"மறுபடியுமா?"

"மறுபடியுந்தான்!"

ஒரே வருஷத்தில் மூன்றாவது கிளட்ச். எங்கேயாவது இப்படி உண்டா?

மச்சான் என்றால் அக்காவின் கணவர். இருபத்தைந்து வருஷமாகச் சொந்த டீசல் பிக்கப்பில் திராட்சையும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறிக் கேரளாவுக்குப் போய் வருகிற மனிதர். தன் வண்டியில் வேற்று ஆள் ஸ்பேனர் வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. என்ன ரிப்பேர் என்றாலும் வீட்டு வாசலில் வைத்து அவரே பார்ப்பார். கியர்பாக்ஸை இறக்கி ஏற்ற மட்டும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான்.

இரண்டாவது கிளட்ச் போனபோது இதே பக்கத்தில் அவரைப் பற்றி எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? கிளட்ச் மிதியிலேயே இடது காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார் — அப்படி ஓட்டினால் பிளேட் தேயாமல் என்ன செய்யும்? கிளட்ச் என்ன கால் வைக்கிற முக்காலியா? என்றெல்லாம் ஒரே கிண்டல். நிறையப் பேர் ரசித்து எழுதினீர்கள். கம்பம் மார்க்கெட்டில் மச்சானைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "என்னண்ணே, முக்காலி எப்பிடி இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

அந்தக் கட்டுரையை நேற்று எடுத்துப் படித்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி ஜாக்கியில் ஏறி நின்றது. மச்சான் அடியில் மல்லாந்து படுத்து போல்ட் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் குத்தவைத்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எத்தனையாம் நம்பர் என்று அவர் சொல்வதே இல்லை. கை நீண்டால் போதும், சரியானதை வைப்பாள்.

"மாப்ள, ஒங்க அக்காவுக்கு ஒரு ஒர்க்‌ஷாப் வச்சுக் குடுத்துருவமா?"

"மொதல்ல அந்தக் கால அடக்கி வைக்கச் சொல்லுடா தம்பி. வாரா வாரம் எவன் இதுக்குள்ள கெடக்கது?"

சிரித்தோம். மூன்று பேருமே சிரித்தோம்.

கியர்பாக்ஸைக் கழற்றி, ஜாக்கியில் மெல்ல இறக்கி, ஒரு பலகையில் உட்கார வைத்தாயிற்று. இனி வெளியே இழுக்க வேண்டும். அந்தப் பக்கம் மச்சான், இந்தப் பக்கம் நான். "இங்கன பாத்து இழுங்க மாப்ள... மெதுவா..." என்றார். பலகை வழுக்கியது. கியர்பாக்ஸ் சரிந்து நேராகப் போய் அவருடைய இடது பாதத்தின் மேல் உட்கார்ந்தது. செருப்புகூட இல்லாத வெறுங்கால்.

"ஐயோ, காலு! காலு மச்சான்!" என்று கத்தினேன்.

மச்சான் பதறிப்போய் என் காலைப் பார்த்தார். அப்புறம் அக்கா காலைப் பார்த்தார்.

"யாரு காலு?" என்றார்.

அவ்வளவு கனமான இரும்பு அவர் கால் மேல்தான் இருந்தது. சிமெண்ட் தரையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. எங்கள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் அவர் குனிந்து தன் காலையே பார்த்தார். பார்த்ததும் அவருக்கு வலிக்கவில்லை... பிடிபட்டவர் மாதிரி முகம் வெளிறிவிட்டது.

அக்கா அழவில்லை, கத்தவில்லை. "எத்தன நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்" என்றார் மச்சான்.

அவருக்குச் சர்க்கரை இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாத்திரை போடுகிறார், டீயில் சீனி சேர்ப்பதில்லை — சரியாகத்தானே இருக்கிறார் என்று இருந்துவிட்டோம். கால் மரத்துப்போனது எங்களுக்குத் தெரியாது. அதை ஒரு வருஷமாக மறைத்திருக்கிறார்.

காலில் துண்டைச் சுற்றி, என் காரில் ஏற்றித் தேனி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழியில் அவராகவே பேசினார்.

"மிதிக்கிறேனா இல்லையான்னே தெரியாது மாப்ள. இன்ஜின் சத்தத்த வச்சுத்தான் கண்டுக்கிருவேன். கால எடுத்துட்டா, திரும்ப மிதி எங்கன இருக்குன்னு தேடணும். மலை வளைவுல தேடிக்கிட்டு இருக்க முடியுமா? அதான், எடுக்கிறதே இல்ல."

"சொல்லியிருக்கலாமே மச்சான்?"

"சொன்னா சாவிய வாங்கி வச்சுக்கிருவீக."

வாங்கித்தான் வைத்திருப்போம். அந்த மலைப்பாதையில் அவருக்கு எதிரே வந்த பஸ்களை, ஜீப்களை நினைத்தேன். கோபம்கூட வந்தது. திட்டலாம் என்று வாயைத் திறக்கும்போது அவர் சொன்னார்:

"நீங்க எழுதுனது நல்லதாப் போச்சு மாப்ள. கெட்ட பழக்கம்னே எல்லாரும் நம்பிட்டாக. யாரும் சந்தேகப்படல."

நான் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தி மிதித்தேன்.

உள்ளங்காலில் ஏற்கெனவே ஒரு புண் இருந்திருக்கிறது. ஆறாமல் உள்ளுக்குள்ளேயே போயிருக்கிறது. இன்றைக்கு இது நடக்காமல் இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். இரண்டு விரல்களோடு போயிற்று. "இனிமே வண்டி ஓட்டக் கூடாது" என்றும் சொன்னார்.

விரலை எடுக்கிறோம் என்றபோது தலையாட்டிய மனிதர், இதைக் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அக்கா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுதேன். வேறென்ன செய்ய?

வீட்டுக்கு வந்த பிறகு, பிரித்துப் போட்ட வண்டி வாசலில் அப்படியே நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை. நானும் அக்காவும் மாட்டினோம். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, "பிளேட்டு சென்டர் பாத்து உக்காரணும் மாப்ள, இல்லேன்னா கியர்பாக்ஸ் ஏறாது" என்று நூறு தடவை சொல்லச் சொல்ல, அவர் ஒரு பகலில் முடிக்கிற வேலையை நாங்கள் மூன்று நாள் செய்தோம்.

சரிபார்க்க ஒரு சுற்று போனோம். நான் ஓட்டினேன். மச்சான் தன் வண்டியில் முதல் தடவையாக இடது பக்க சீட்டில் உட்கார்ந்தார். கூடலூர் ரோட்டில் நான் கியர் மாற்றும்போதெல்லாம் அவருடைய கட்டுப்போட்ட கால் வெறும் தரையை மிதித்தது. அவருக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"எப்பிடி இருக்கு மாப்ள?"

"வெண்ணெயா இருக்கு மச்சான்."

"அப்ப இப்பவே குடுத்துருவோம். நல்ல கண்டிஷன்ல இருக்கும்போதே போகட்டும்."

கொடுத்தாயிற்று. போன வெள்ளிக்கிழமை, விலைக்கு வாங்கியவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். அது தெரு திரும்பும் வரைக்கும் மச்சான் வாசலிலேயே நின்றார்.

உங்கள் வீட்டிலும் சர்க்கரை உள்ளவர் ஒருவர் இருப்பார். கிண்டல் செய்யப் பேனா எடுத்தவன் கெஞ்சிக் கேட்கிறேன் — இன்றைக்கே அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கால் விரலைத் தொட்டுப் பாருங்கள். "தெரியுதே" என்பார்... நம்பிவிடாதீர்கள்.

எந்த விரல் என்று கேளுங்கள்.