வஞ்சிரமா, சீலாவா?

திருவொற்றியூரில் இருக்கும் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. துறைமுகத்தில் வந்து இறங்கும் சோளம், சோயா, இவற்றில் மரபணு மாற்றிய விதை கலந்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் முக்கியமான பிழைப்பு. மாவாக அரைத்து, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் புகுத்திய மரபணுத் துண்டு அதில் இருக்கிறதா என்று இயந்திரத்தில் தேடுவோம். இருந்தால் அந்தத் துண்டு பல கோடியாகப் பெருகி, திரையில் கோடு மேலே ஏறும். இல்லையென்றால் கோடு தரையிலேயே படுத்துக் கிடக்கும். மீன் ஏற்றுமதி செய்கிறவர்களுக்காக, பெட்டியில் எழுதியிருக்கும் மீன்தான் உள்ளே இருக்கிறதா என்றும் இதே முறையில் பார்ப்போம்.

இதையெல்லாம் வீட்டில் அளவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன் என்று இப்போது நினைக்கிறேன்.

என் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் நடந்தது. பிரியாணியும் வஞ்சிரம் வறுவலும். சமையல்காரரைப் பிடித்தது, மீன் சொன்னது எல்லாம் என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மேலே உட்கார்ந்து பழகியதாலோ என்னவோ, எதையும் மேலேயிருந்துதான் சொல்வார். "எல்லாம் முதல் தரம் வஞ்சிரம்" என்று அன்று பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார்.

அவருடைய அக்காவுக்குக் காசிமேட்டில் மீன் கடை. காலை ஏலத்துக்குப் போய், வாங்கிய மீனை விற்று முடித்து, குளித்துவிட்டு அவர் வந்து சேர்ந்தபோது கடைசிப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட உட்கார்ந்தவர் இரண்டாவது வாயிலேயே நிறுத்தினார். விரலால் எதையோ வாயிலிருந்து எடுத்து இலை ஓரத்தில் வைத்தார்.

"பல்லுல செதிலு மாட்டுது. வஞ்சரத்துல ஏதுடா செதிலு? இது சீலா." சீலாவும் நீள மீன்தான், வஞ்சிரத்தைவிட விலை குறைவு, துண்டு போட்டு வறுத்துவிட்டால் பலருக்கு வித்தியாசம் தெரியாது.

"அக்கா, வஞ்சரம்தான். நானே நின்னு பாத்தேன்" என்றார் இவர்.

அவ்வளவுதான். அக்காவும் தம்பியும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. பேசிக்கொள்ளாத இருவரும் தனித்தனியாக என்னிடம் பேசினார்கள். கடைசியில் என் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். விருந்தில் மிஞ்சிய வறுவல் ஒரு துண்டு நம் ஃப்ரீசரில் இருக்கிறது, அதை எடுத்துப்போய் உன் இயந்திரத்தில் வைத்துப் பார், அறிவியல் சொல்லட்டும் என்றார். அறிவியலை அவர் மதித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. துண்டை அவரே பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார்.

மேலாளரிடம் கேட்டேன். எண்ணெயில் பொரித்த மீனில் டி.என்.ஏ. துண்டு துண்டாக உடைந்திருக்கும், பழகிக்கொள்ள நல்ல வாய்ப்பு, செய் என்றார். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, எது என்று சந்தேகமில்லாமல் தெரிந்த வஞ்சிரமும் சீலாவும் வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தது தீர்ந்துபோயிருந்தது. மறுநாள் விடிந்ததும் காசிமேட்டுக்குப் போய் நாத்தனார் முன்னால் நின்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாமே, எது வஞ்சரம், எது சீலான்னு உன் மிஷினுக்கு நாந்தான் சொல்லிக் குடுக்கணுமா? அப்பாலதான் அது எனக்குச் சொல்லுமா?"

உண்மை அதுதான் என்பதால் கொண்டுபோன உறைகளை எடுத்து நீட்டினேன். இரண்டிலும் கொஞ்சம் சதை வெட்டி, தனித்தனி உறையில் போட்டுக் கொடுத்தார். பக்கத்துக் கடைப் பெண்களுக்கு என்னைக் காட்டி, மீனுக்கு ரத்தப் பரிசோதனை பண்ணப் போகிறாள் என்றார்.

முதல் முறை மசாலாவும் எண்ணெயும் சேர்ந்து சோதனையைக் கெடுத்தன, ஒன்றுமே வரவில்லை. இன்னும் நன்றாகக் கழுவி இரண்டாவது முறை செய்தேன். வறுவல் துண்டு வஞ்சிரத்தோடு ஒத்துப்போயிற்று. சீலாவின் சாயலே இல்லை.

என் வீட்டுக்காரர் அதைத் தெருவுக்கே சொன்னார். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தவர்களிடமும் சொன்னார். நாத்தனார் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்துக்கொண்டே, கப்பலில் சோளம் வந்தால் எத்தனை இடத்தில் எடுப்பாய் என்று நிதானமாகக் கேட்டார். மேலே, நடுவில், அடியில், மூலைகளில் என்று பல இடங்களில் எடுத்துக் கலப்போம், ஒரே இடத்தில் எடுத்தால் கப்பல் முழுவதற்கும் சொல்ல முடியாது என்று நானும் உற்சாகமாக விளக்கினேன்.

"நம்ம பந்தியில எத்தினி எடத்துல எடுத்த?"

கொடுத்த மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும் என்று எங்கள் ஒவ்வோர் அறிக்கையின் அடியிலும் ஒரு வரி உண்டு. வருடக்கணக்காக அதன் கீழ் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு பந்தியில் மிஞ்சிய ஒரு துண்டை வைத்து ஒரு விருந்துக்கே தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

அவர் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அன்று தன் இலையில் வைத்த துண்டில் மிச்சத்தைக் கட்டிக்கொண்டு போய் ஐஸில் போட்டு வைத்திருந்தாராம். அடுத்த வாரம் அதையும் சோதித்தேன். சீலா. துளி சந்தேகமில்லை.

சமையல்காரருக்கு ஃபோன் செய்தேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, சொன்னதைவிட ஆட்கள் நிறைய வந்துவிட்டார்கள், முதல் இரண்டு பந்தியோடு வஞ்சிரம் முடிந்துவிட்டது, அவசரத்துக்குச் சீலாதான் கிடைத்தது என்றார். பிறகு, "சார்கிட்ட சொல்லிட்டுத்தானேம்மா போட்டேன்? வேற வழியில்ல, போடுன்னாரு" என்றார்.

அன்றைய கூட்டத்தில் பாதி, என் வீட்டுக்காரர் யாரிடமும் சொல்லாமல் கூப்பிட்ட துறைமுக நண்பர்கள். மீன் மாறியது தெரிந்தும், அக்காவிடம் ஒப்புக்கொள்ளப் பயந்து, முதல் பந்தித் துண்டைத் தேர்ந்தெடுத்து என் கையில் கொடுத்திருக்கிறார். சரக்குக்குச் சொந்தக்காரரையே மாதிரி எடுக்க விடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம். கணவருக்கும் அது பொருந்தும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ இம்மாந்தூரம் போவேன்னு நெனைக்கல" என்றார். எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. நாத்தனாரிடம் அவரே போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். போனார். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை இருவரும் சொல்லவில்லை.

மேலாளருக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப்போயிற்று. ஒப்பிடுவதற்கு எந்த மீன் தேவைப்பட்டாலும் இப்போது என்னைக் காசிமேட்டுக்குத்தான் அனுப்புகிறார். ஒருமுறை நாத்தனாரையே சோதனைக்கூடத்துக்கு அழைத்து வந்தேன். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். இயந்திரத்தின் அருகில் குனிந்து, மூக்கை வைத்து முகர்ந்தார்.

"இத்தினி மீன் பாத்துகீது, ஒரு வாசனகூட இல்லியே" என்றார். அவர் குரலில் அந்த இயந்திரத்தின் மேல் உண்மையான இரக்கம் இருந்தது.