ரெண்டாவது சரணம் தெரிஞ்ச ஒரே ஆளு

இன்னைக்கு சாயங்காலம் குற்றாலத்துல ஒரு ராக் பேண்ட் கச்சேரிக்குத் தனியாப் போனேன். கூட வாறேன்னு சொன்ன தோழி மத்தியானம் மெசேஜ் போட்டுட்டா. "ஏட்டி, பிள்ளைக்குக் காய்ச்சல், நீ போயிட்டு வா."

ரிசார்ட் ஹால்ல நூறு பேரு இருப்பாங்க. எல்லாரும் மதுரை, திருவனந்தபுரத்துல இருந்து கூட்டங்கூட்டமா வந்தவங்க.

"தென்காசிக்காரங்க கை தூக்குங்க"ன்னு பாடுதவரு கேட்டாரு.

என் கை மட்டும்தான் மேல போச்சு.

"அக்கா, உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?"

அவங்க முதல் ஆல்பத்தோட கடைசிப் பாட்டைச் சொன்னேன். அப்பா தவறின வருஷம் பூரா ஹெட்போன்ல நான் கேட்ட பாட்டு.

"அதை எழுதினவர் பேண்டை விட்டே போயிட்டார்க்கா. சரி, ட்ரை பண்றேன்."

கிட்டாரை மட்டும் வச்சுப் பாடினாரு. ரெண்டாவது சரணத்துல வரி மறந்து நின்னுட்டாரு. நான் கீழ இருந்தே பாடினேன். அந்தச் சரணத்தை முழுசாப் பாடிட்டேன்.

"இந்தப் பாட்டு நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும் போல"ன்னு மைக்குல சொன்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க.

முடிஞ்சதும் அவங்கவங்க கூட்டத்தோட செல்ஃபி எடுக்கப் போயிட்டாங்க. நான் தென்காசி பஸ் ஏறுனேன். பக்கத்து சீட்டு அக்காகிட்ட சொல்லிரலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவங்க தூங்கிட்டாங்க.

வீடியோ எடுக்க ஆளில்ல, அதனால ஆதாரமும் இல்ல. நம்புதவங்க கமெண்ட்ல வாங்க.

நம்பாதவங்களும் வாங்க. பேச ஆளு வேணும்.