பச்சைக் காந்தம்

ஜமுனாமரத்தூரில் எங்கள் கட்டுமானக் கம்பெனியின் சைட் ஆபீஸ் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. கம்பெனி கட்டிவந்த கட்டடங்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். சனிக்கிழமைதோறும் கெடுவுக்கு முந்திய சைட்டுக்குப் பச்சைக் காந்தம், பிந்தியதற்குச் சிவப்பு. தளம் போட்டு, அதைத் தாங்கும் முட்டுகளைப் பிரித்து அனுப்பினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. கீழே போளூர் வெயிலுக்கும் மேலே ஜவ்வாது மலை மார்கழிக் குளிருக்கும் ஒரே கெடு. நான் அங்கே ஸ்டோர் கீப்பர். எது நடந்தாலும் தேதி குறித்துவிடுவேன்.

எங்கள் சமுதாயக்கூடத்துக்கு எப்போதும் சிவப்புதான். குளிரில் கான்கிரீட் இறுக நாளாகும் என்று இன்ஜினியர் மேடம் முட்டில் கை வைக்க விடமாட்டார். கீழேயிருந்து வந்த மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "இன்னா மேடம், உங்க கான்கிரீட்டுக்கு மட்டும் குளிர் ஜுரமா?"

"ஆமா சார். கம்பளி இருந்தா குடுத்தனுப்புங்க."

நெல்லிவாசல் பக்கமிருந்து ஜீப்பில் வரும் சித்தாள் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "முட்டு நிக்கட்டும் மேடம். நிழல்ல குந்தி சோறு துன்ன எங்களுக்கு வேற எடம் ஏது?"

மேனேஜர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமும் சிவப்பென்றால் மேடத்துக்கு இங்கே வேலையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சனிக்கிழமையும் சிவப்பு. மேடம் பையை எடுத்துக்கொண்டு மலைப்பாதை பஸ் ஏறினார்.

அவர் போன பிறகு இன்னொரு தளம் போட்டோம். அந்த வாரம் முழுக்கப் பனி விலகவே இல்லை. ஈரம் காயாத சாக்குகள் தளத்தின்மேல் கிடந்தன. புதிதாக வந்த இன்ஜினியர் போளூர்க் கெடுவிலேயே முட்டுகளைப் பிரித்து லாரியில் ஏற்றினார். சனிக்கிழமை, முதல் முறையாக எங்களுக்குப் பச்சை. மேனேஜர் போனில் பாராட்டினார், எல்லாருக்கும் பிரியாணி வந்தது.

திங்கட்கிழமை மதியம் தளம் இடிந்து உட்கார்ந்தது. அதன் அடியில், வழக்கமாக நிழலுக்கு உட்காரும் இடத்திலேயே, அக்கா தூக்குவாளியைத் திறந்திருந்தார். மண்ணில் சிதறிய சாமைச் சோற்றைத்தான் முதலில் பார்த்தேன்.

மேடத்துக்குப் போன் செய்தேன். "என்னிக்குப் பிரிச்சாங்க?" என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். பிறகு, "அடியில யாரு இருந்தாங்கண்ணா?" என்றார். நெல்லிவாசல் அக்காவின் பெயரைச் சொன்னேன்.

போன வாரம் சந்தைக்குப் போனவன் பூட்டிக் கிடக்கும் அந்த ஆபீஸின் ஜன்னல் வழியே பார்த்தேன். பலகை அங்கேயே இருக்கிறது. எங்கள் பெயருக்கு நேரே பச்சைக் காந்தத்தை யாரும் எடுக்கவில்லை. எடுக்கக் காரணமும் இல்லை. முட்டுகள் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. பலகை கேட்டது அதை மட்டும்தான்.