குரல் கொடுக்காத குட்டி

வேட்டை நாய்க் கொட்டிலில் குட்டிகளைப் பழக்கும் அவருக்கு ‘உஷ்’ என்றுதான் பெயர். நாய்கள் ஒன்றுகூடிக் குரைத்து ரகளை செய்யும்போது, கதவருகே நின்று உதட்டில் விரல் வைத்து ஒரு ‘உஷ்’ போடுவார். கப்சிப். அதட்டமாட்டார், அடிக்கமாட்டார். வாயை மூடிய பிறகுதான் சாப்பாட்டுத் தட்டு கீழே இறங்கும், அவ்வளவுதான்.

கொட்டிலில் அடங்கும் அதே வாய், காட்டில் மோப்பம் கிடைத்ததும் திறந்தாக வேண்டும். புதருக்குள் ஓடும் நாய் எங்கே இருக்கிறது என்று பின்னால் வருபவர்களுக்கு அதன் குரல்தான் சொல்லும். எந்தக் குரைப்பை அடக்குவது, எதைத் தட்டிக்கொடுப்பது என்பதில்தான் குட்டியின் பிழைப்பே இருக்கிறது.

இந்தக் குட்டியைப் பொறுக்கியெடுத்தது அவர் மனைவி. “என்ன தொண்டை பாருங்க! இதுதான் நம்மளுது.” அடுத்த மாதமே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவர் அழவில்லை. கூட்டினார், கழுவினார், சாப்பிட்டார். குட்டியை வீட்டிலேயே வைத்துப் பழக்கினார். வாசலில் ஆள் வந்தால் குரைத்தது, உஷ். பசிக்குக் குரைத்தது, உஷ். முயல்தோலைக் கயிற்றில் கட்டிப் புல்லில் இழுத்துக்கொண்டு போனபோது, அந்தத் தடத்தில் மூக்கை வைத்து முதன்முறையாகக் குரல் எடுத்தது. அதற்கும் உஷ். அவர் வாய் தன் போக்கில் சொல்லிவிட்டது. அப்போதெல்லாம் எல்லாச் சத்தமும் அவருக்கு ஒரே சத்தம்தான்.

வேட்டைக் கூட்டத்தை நடத்துபவர் மனைவியின் அண்ணன். வேட்டைக்கு ஆகுமா என்று பார்க்கும் சோதனையன்று குட்டி தடம் பிசகாமல் புதருக்குள் போனது. சத்தமே இல்லை. தேடிப் போய்ப் பார்த்தால், தோலுக்கு முன்னால் உட்கார்ந்து, பழக்கியவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“என்ன மச்சான், வாய்க்குப் பூட்டு போட்டுட்டீங்களா?”

“என் தப்புதான்.”

“தங்கச்சி எடுத்த குட்டியாச்சேன்னு பாக்கறேன். ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை விடுவோம். அப்பவும் இப்படின்னா யாருக்காவது குடுத்துடுங்க. காவலுக்குக்கூட ஆகாது, திருடன் வந்தா இதுவே வழிகாட்டி விடும்.”

“சரி” என்றார். அவள் விட்டுப்போனதில் மூச்சுவிடுவது இது ஒன்றுதான் என்று தெரிந்தது. தெரிந்ததே தவிர, உள்ளே எதுவும் அசையவில்லை.

அன்று மாலை கொல்லைப்புறத்தில் தோலை இழுத்தார். குட்டி வந்தது, மோந்தது, அவரைப் பார்த்தது.

“கத்துடா.”

வாலை மட்டும் ஆட்டியது.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மண்டிபோட்டார். தோலுக்கு நேராக முகத்தை நீட்டிக் குரைத்தார். வெகுநாள் சத்தம் போடாத தொண்டை. இருமல் மாதிரி வந்தது. மறுபடி, கொஞ்சம் உரக்க.

பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் திறந்தது. “அண்ணே, அந்த நாயைக் கொஞ்சம் அடக்குங்களேன்!”

“நாய் இல்லம்மா. நான்தான்.”

ஜன்னல் மூடவில்லை.

குட்டி தலையைச் சாய்த்து அவரைக் கவனித்தது. பிறகு தோலில் மூக்கை வைத்து, பாதி ஊளையும் பாதிக் குரைப்புமாக எதையோ அவிழ்த்துவிட்டது. பழக்கதோஷம், அவர் விரல் உதட்டுக்குப் போனது. அந்தக் கையை இழுத்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

“ம், இன்னொரு தடவை” என்றார்.