பலாலிக்குக் கால் மணித்தியாலம்

நம் தீவுக்கு வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி நாகமுத்து இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை தந்தியில் வந்தது. நெஞ்சுவலியென்று நெடுந்தீவில் அவரை யாழ்ப்பாணம் கொண்டுபோக வள்ளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். கரை தெரியுமுன்னே மூச்சு நின்றுவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அவரை அறிந்த ஊரவரான உங்கள் எல்லோர்மீதும், முதலில் என்மீதும்.

நாரந்தனையில் பிறந்தவர். மாற்றலாகி வந்த தீவிலேயே இருபது வருடம் தங்கிவிட்டார். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஒவ்வொரு நோயாளிக்கும் கிழித்துக் கொடுக்கும் துண்டுச்சீட்டின் அடிக்கட்டையிலும் புறப்பட்ட நேரத்தை எழுதுவார். திரும்பி வரும் வள்ள ஓட்டியிடம் போய்ச் சேர்ந்த நேரத்தைக் கேட்டுக் குறிப்பார். கடல் அமைதியென்றால் அரை நாள். சோளகக் காற்று எழும்பினால் மறுநாள். ஒருமுறை தேசப்படத்தில் தீவிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத்தளம்வரை அடிமட்டத்தை வைத்து எனக்குக் காட்டினார்.

"இஞ்ச பாரும், பலாலிக்கு ஆகாயத்தால கால் மணித்தியாலம். எங்கட சனம் தூரத்தால சாகேல்லை, சுத்திப் போறதாலதான் சாகுது."

அவர் நச்சரித்துத்தான் தீவுக்கும் ஒரு விமானத்தளம் கேட்கும் குழு அமைந்தது. நான் செயலாளர். கொழும்புக்கு ஒன்பது மனுக்கள் எழுதினேன். கடைசியில், சிறு விமானமொன்று வந்து இறங்கிப் பார்க்கும் என்று பதில் வந்தது. அது இறங்கவென்று மேய்ச்சல் வெளியில் அவர் சனத்தோடு நின்று கல் பொறுக்கினார், சுண்ணாம்புக் கோடு போட்டார்.

விமானம் வரும் நாளன்று, குழுத் தலைவர் அந்த வெளியின் நட்டநடுவில் பந்தல் போட்டார். வாழை, தோரணம், நிறைகுடம், மேளம். அகற்றும்படி அப்போதிக்கரி மன்றாடினார்.

"வாற மனிசரை வெயிலிலை நிப்பாட்டிறதோ, ஐயா? நாங்கள் மரியாதை தெரியாத சனமோ?" என்று தலைவர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள்.

விமானம் இரண்டு முறை வட்டமிட்டது. பந்தலைச் சுற்றி நின்ற சனம் கையசைத்தது. விமானம் திரும்பிப் போய்விட்டது.

பாதுகாப்பாக இறங்க இயலவில்லை என்றுமட்டும் விமானி அறிக்கை கொடுத்திருந்தார். காரணத்தை எங்களிடம் கேட்டுக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. "உள்ளதை எழுதும். இன்னொருக்கா வரச் சொல்லிக் கேளும்" என்றார் அப்போதிக்கரி. ஊரைப் பார்த்துக் கொழும்பு சிரிக்கும் என்றார் தலைவர். நான் தலைவருக்குப் பயந்து, பலத்த காற்று என்று எழுதினேன். அவ்வளவு காற்றுள்ள இடம் விமானத்தளத்துக்கு உகந்ததல்ல என்று பதில் வந்தது. அத்தோடு எங்கள் மனுக்களின் கோவை மூடப்பட்டது.

அதைப் படித்துவிட்டு அவர் என்னைத் திட்டவில்லை. "பந்தலெண்டால் ஒரு மணித்தியாலத்தில பிரிச்சிருக்கலாம். காத்தை நான் என்னெண்டு பிரிக்கிறது?" என்றார். பிறகும் அடிக்கட்டைகளில் நேரம் குறித்தார். என்னோடு பழையபடியே பேசினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இரங்கற் கூட்டத்தில் அவரைப் பொறுமையின் வடிவம் என்று புகழ்ந்தீர்களாம். அந்தப் பொறுமை நமக்கெல்லாம் வசதியாக இருந்தது. அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொள்வது அதை அல்ல, "உள்ளதை எழுதும்" என்ற அந்த ஒரு சொல்லைத்தான். பிந்தித்தான் எழுதுகிறேன்.

அன்று காற்றே இல்லை.