வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தொட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குவது கல்யாண போட்டோ அல்ல, என் மனைவி ஜெயலீலாவின் ஃபார்மசிஸ்ட் லைசென்ஸ். தூத்துக்குடியில் படித்துவிட்டு வந்தவள், இங்கே அமெரிக்காவில் இரண்டு முறை பரீட்சையில் கோட்டைவிட்டு, மூன்றாம் முறை ஏழு மாத வயிற்றோடு போய் எழுதி வாங்கியது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

கேட்டி என்ற இந்த ஊரில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஹார்லன். இந்த மண்ணின் பூர்வகுடி, மனைவியை இழந்தவர். லீலாவுக்கு அவர் 'அங்கிள்'. நாங்கள் ஊருக்குப் போகும் மாதம் எங்கள் கறிவேப்பிலை மரத்துக்கு அவர் தண்ணீர் ஊற்றுவார். பதினொரு வயது மரம், பாதிக் கேட்டிக்கு அதுதான் தாளிதம் போடுகிறது. ஆகவே டிசம்பரில் அவர் இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் போனபோது, வேலிக்கு மேலே ஒரு சின்ன மண்தொட்டியை நீட்டியதில் எங்களுக்கு வியப்பில்லை. "என் மனைவி விதை போட்டு வளர்த்தது. எங்களுக்கு மருந்து" என்று மட்டும் சொன்னார்.

முள் இல்லாத கள்ளி. அமுங்கிப்போன கொழுக்கட்டை மாதிரி இருந்தது. எவ்வளவு தண்ணீர் விடுவது என்று கேட்டு, லீலா அதைப் படம் பிடித்து எங்கள் ஊர்த் தமிழ்ப் பெண்களின் தோட்ட வாட்ஸப் குழுவில் போட்டாள். பத்தே நிமிடத்தில் அவள் தோழி ஜூலியட் போன் செய்தாள்.

"ஏய் லீலா, போட்டோவ உடனே டெலீட் பண்ணுடி! அது பெயோட்டிடி. போதைக் கள்ளி. வீட்ல வெச்சிருந்தாலே ஃபெலனி, ஜெயில் கேஸ்!"

லீலாவின் முகம் வெளிறிவிட்டது. ஹெராயின் இருக்கும் அதே தடைப் பட்டியலில் இருக்கும் பெயர் என்று அவளுக்குத் தெரியும், செடியைத்தான் பார்த்ததில்லை. வக்கீலைக் கூப்பிட்டோம். ஹார்லனுடைய பூர்வகுடிச் சபைக்கு அது வழிபாட்டுப் பொருள், அவர்களுக்குச் சட்டம் விலக்கு கொடுத்திருக்கிறது, உங்களுக்கு அது குற்றம், வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும் என்றார் வக்கீல்.

"குப்பையில தூக்கிப் போடு லீலா. உன் பொழப்புக்கே உலை வெச்சுட்டாரு மனுஷன்" என்று கத்தினேன். நான் பயந்தாங்கொள்ளி, ஒத்துக்கொள்கிறேன்.

"அவர் பொண்டாட்டி போட்ட வெதைங்க அது."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஹார்லனிடமே சொன்னாள். மனிதர் அழுதுவிட்டார். தனக்கு அது ஜெபம், அடுத்தவருக்கு அதுவே குற்றமாகும் என்று தோன்றவே இல்லை என்றார். உன் வேலைதான் முக்கியம், தூக்கிப் போட்டுவிடு மகளே என்றும் சொன்னார். அவரே சொல்லிவிட்டார், இனி என்ன என்று நான் நிம்மதியாகக் காபி போடப் போனேன்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் கடும் ஃப்ரீஸ், உறைபனி என்று செய்தியில் சொன்னார்கள். ஹார்லன் வீட்டுச் சாவி ஓக்லஹோமாவில் இருக்கும் மகளிடம். அவள் வர நாலு நாள் ஆகும். எங்கள் வீட்டில் செடி இருந்தால் லைசென்ஸ் போகும், அவர் வாசலில் வைத்தால் செடி போகும்.

மத்தியானம் லீலா கையுறை மாட்டிக்கொண்டு, தொட்டியைக் கொண்டுபோய் ஹார்லன் வீட்டுப் பின்வாசலில் வைத்தாள். அந்த இருபது அடி தூரமும் குற்றமா என்று வக்கீல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. திரும்பி வந்து பரணில் இருந்த கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தை எடுத்தாள். புதுச் சரங்கள் சூடாவதில்லை. இது பழைய குண்டு பல்புச் சரம், ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொரு குளிருக்கும் கறிவேப்பிலை மரத்தைச் சுற்றிக் கட்டுவது அதைத்தான்.

"மரம் என்ன ஆகும் லீலா?"

"மரத்துக்கு வேர் ஓடியிருக்குங்க. கள்ளிக்கு இருக்கிறது அந்த ஒரு தலதான்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. உள்ளே போய் என் கம்பளியைக் கொண்டுவந்தேன். அவள் தொட்டியைச் சுற்றிச் சரத்தை வளைத்து மேலே கம்பளியைப் போர்த்தினாள். எங்கள் வீட்டிலிருந்து வேலிக்கு மேலாக ஒயரை நான் இழுத்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள் மகள் வந்து கம்பளியை விலக்கினாள். கள்ளி பச்சையாக இருந்தது. எங்கள் மரம் கருகிவிட்டது. முழங்கால் உயரத்துக்கு நான்தான் அறுத்தேன், அன்று சமையலறையில் யாரும் எதையும் தாளிக்கவில்லை.

மார்ச்சில் ஹார்லன் வாக்கரோடு வீடு திரும்பினார். வேலியோரம் வந்தவர் மரம் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "போகட்டும் விடுங்க அங்கிள்" என்று லீலா அவருக்குப் புரியாத தமிழிலேயே சொன்னாள். மறுநாள் காலையிலிருந்து அவருடைய ஹோஸ் தண்ணீர் வேலியைத் தாண்டி வந்து அந்தக் கட்டையை நனைத்தது.

மே மாதம் கள்ளி பூத்தது. வெளிர் ரோஜா நிறத்தில் ஒரே ஒரு பூ. ஹார்லன் எங்களைக் கூப்பிட்டு, வாக்கரில் சாய்ந்துகொண்டு தொட்டியை வேலிக்கு மேலே தூக்கிக் காட்டினார். லீலா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, முகத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அழுதாள். கையை மட்டும் முன்னால் எடுக்கவே இல்லை.

கண்ணீரை நான்தான் துடைத்துவிட்டேன்.