அம்மாவால் ஆகாத கிழிசல்

யுத்தம் நடந்த அந்த வருஷங்களில் எங்கள் வீட்டில் தைக்காத துணி என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. துணிக்கு ரேஷன் வந்துவிட்டது. நூல் கிடைக்காமல் அம்மையார்குப்பத்தில் தறிகள் சும்மா கிடந்தன. என் பாவாடையின் கீழ்ப்பாதி ஒரு காலத்தில் நைனாவின் துண்டாக இருந்தது. அந்தத் துண்டு அதற்கு முன் என்னவாக இருந்ததோ, அது அம்மாவுக்குத்தான் தெரியும்.

திருத்தணியில் மலைக்குக் கீழே எங்கள் தெரு. எங்கள் தெருவில் மட்டுமல்ல, குளத்தங்கரைப் பக்கம் யார் வீட்டில் நல்ல துணி கிழிந்தாலும் அம்மாவிடம்தான் வரும். அவள் ஒட்டுப் போடமாட்டாள். கிழிந்த இடத்தில் நெட்டுக்கு இழை ஓட்டி, குறுக்கே ஒன்று விட்டு ஒன்று கோத்து, ஊசியாலேயே நெய்துவிடுவாள். ஒரு முறை, குழந்தையைப் பறிகொடுத்த ஒருத்தி அதன் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். போட்டுக்கொள்ள ஆள் இல்லாத சட்டையை எதற்குத் தைக்கவேண்டும் என்று நான் கேட்டுவிட்டேன். "உன் வாயைத் தெச்சா தேவல" என்றாள் அம்மா. மற்ற எதையும்விட அந்தச் சட்டைக்குத்தான் அவள் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் கழனிக்குப் போவாள். நாற்று நட்டுவிட்டு வந்து, சேறு காயாத காலோடு சோறு வடித்து, வெளிச்சம் போவதற்குள் ஊசியை எடுப்பாள். கண் சொக்கும், தலை சாயும், கை மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அம்மா என்றாலே எனக்கு அந்த அசதிதான் ஞாபகம் வருகிறது.

அந்த வருஷம் தலை ஆடிக்கு நைனாவின் தங்கை, என் அத்தை, பள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் தெருவெல்லாம் காவடியும் அரோகராவுமாக இருந்தபோதுகூட அத்தை எழுந்து வந்து பார்க்கவில்லை. தூங்கிக்கொண்டே இருந்தாள். பல மாதத் தூக்கத்தை மூட்டை கட்டிக் கொண்டுவந்தவள் போலத் தூங்கினாள். ரவிக்கைக்கு மேலே, தோளுக்குப் பின்னால், ஒரு தழும்பு தெரிந்தது. கேட்டதற்கு, அடுப்பு சுட்டுவிட்டது என்றாள். அடுப்பு ஒருத்தியின் முதுகுப்பக்கம் எப்படி வரும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து மாமியார் வீட்டார் அழைத்துப்போக வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். கூறைப் புடவை கட்டித்தான் மருமகள் வாசற்படி ஏறவேண்டும் என்பது மாமியாரின் உத்தரவு. காற்றாட வைக்கலாம் என்று பெட்டியைத் திறந்த நைனா, கூறையைப் பிரித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். நடுப்புடவையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. எலியின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தார்.

அம்மா புடவையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது இன்னா எலி? கத்தி வெச்சிகினு வந்த எலியா?" என்றாள்.

நைனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா தன் கூறையை எடுத்து வந்தாள். அதுவும் அதே அரக்கு நிறம். உள்ளே செருகுகிற தலைப்பிலிருந்து இழைகளை ஒவ்வொன்றாக உருவினாள். அவளிடம் இருந்த ஒரே நல்ல புடவை அது. "அம்மா, உன்னுது வீணாப் போதே" என்றேன். "அவ போய் வாழணும்டி" என்றாள், நிமிராமலே. கழனியிலிருந்து வருவதும் கூறையை மடியில் போட்டுக்கொள்வதுமாக இருந்தாள். முடித்த அன்று என்னைக் கூப்பிட்டு, "எங்க கிழிஞ்சிருந்திச்சி, காட்டு பாக்கலாம்" என்றாள். வெயிலில் விரித்துத் தடவித் தடவிப் பார்த்தேன். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உலகத்தில் என் அம்மாவைப் போலக் கைகாரி யாரும் இல்லை என்று பெருமையில் எனக்கு மூச்சு முட்டியது.

மறுநாள் பள்ளிப்பட்டிலிருந்து அவர்கள் வருகிற நாள். காலையில் அத்தைக்கு எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக வைக்க அம்மா புழக்கடைக்கு அழைத்துப் போனாள். வேண்டாம், நானே தேய்த்துக்கொள்கிறேன் என்று அத்தை மல்லுக்கட்டியது கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. வெகுநேரம் கழித்து அம்மா மட்டும் உள்ளே வந்தாள். கையில் எண்ணெய் அப்படியே இருந்தது. அதைச் சாம்பல் போட்டுக் கழுவி, துடைத்து, கூறையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓடிய கரி பஸ் அன்று வழியில் நின்று நின்று வந்ததாம். அவர்கள் வரும்போது வெயில் ஏறிவிட்டது. அத்தையின் புருஷன், மாமா, எனக்குக் கமர்கட்டு வாங்கி வந்திருந்தார். நல்ல மனுஷர் என்று முடிவுகட்ட எனக்கு அது போதும்.

"பொண்ணக் கூறை கட்டிகினு வரச் சொல்லு. ராகுகாலத்துக்கு முன்ன கெளம்பணும்" என்றாள் மாமியார்.

அம்மா புடவையை இரு கையிலும் ஏந்திவந்து அவள் முன்னால் விரித்தாள். நடுவில் ஓட்டை.

"எலி கடிச்சிட்ச்சிங்க. ஆனமட்டும் தெச்சிப் பாத்தேன். என்னால ஆவலீங்க."

"இல்ல! அம்மா நேத்தே தெச்சி முடிச்சிட்ச்சி! நான் தொட்டுப் பாத்தேன்!" என்று கத்தினேன்.

நைனா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"கொழந்தைக்கு ஜொரம் அடிச்சிகினு கீதுங்க. கனால கண்டதெல்லாம் பேசுது" என்றாள்.

எனக்கு ஒரு ஜுரமும் இல்லை. நைனா இன்னும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உள்ள போம்மா, போய்ப் படு" என்றார் என்னிடம்.

மாமியார் புடவையைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். "கிழிஞ்ச கூறையோட படி ஏறுனா எம்புள்ள உசுருக்கு ஆவுமா? யாரு வூட்டு எலி கடிச்சிதோ அவங்களே வேற நெய்யச் சொல்லிக் குடுங்க. அதுவரிக்கும் இங்கியே கெடக்கட்டும்."

"ஆங், அப்படியே செய்றோங்க" என்றாள் அம்மா.

அவர்கள் போனபின் அம்மா வெறுந்தரையில் படுத்தாள். பகலில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை. அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அம்மாவுக்குப் பதிலாக நடவுக்குப் போனாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பொய் சொன்னால் வாயில் சூடு போடுவேன் என்று மிரட்டுகிறவள், ஊரார் முன்னால் என்னைப் பொய்யாக்கிவிட்டாள்.

நைனா அம்மையார்குப்பம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். நெசவுக்காரர் வெறும் கையை விரித்துக் காட்டினாராம். யுத்தம் முடியட்டும், நூல் வரட்டும் என்றாராம். பள்ளிப்பட்டில் அதுவரை காத்திருக்கவில்லை. மாமாவுக்கு ஆந்திரப் பக்கத்திலிருந்து வேறு பெண் கொண்டுவந்துவிட்டார்கள். அத்தை எங்களோடேயே இருந்துவிட்டாள். அரிவாள்மணையில் கூறையை அறுத்தது தான்தான் என்றும், அம்மா நெய்ததை அம்மாவே பிரித்தாள் என்றும் எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் சொன்னாள்.

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு கிழிசலைச் சரிசெய்ய முடியாமல் நாத்தனாரை வாழாவெட்டி ஆக்கிவிட்டாள் என்று குளத்தங்கரையில் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். வருகிற துணிகள் குறைந்துபோயின. அத்தைக்கு வாழ்க்கை போய்விட்டதே என்று ஊரெல்லாம் உச்சுக்கொட்டியது. அம்மாவுக்குக் கைவேலை போய்விட்டதே என்று நான் அழுதேன். இரண்டும் இல்லை என்று சொல்ல வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். அத்தை கழனியில் களை பறித்துக்கொண்டிருந்தாள், அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.